தேவாலாவில் தங்கம்: பழைய குழி இருந்தால் சுரங்கம் வருமா?

கேள்வி, டிசம்பர் 8

சார், தங்கம் தேடும் வேலை பார்த்தவர் நீங்கள், அதனால் கேட்கிறேன். நான் பந்தலூர் பக்கம். தாத்தா சிலோனிலிருந்து திரும்பி வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே உள்ள மலையில் வெள்ளைக்காரர் காலத்து டனல்கள் இருக்கின்றன. உள்ளே தங்கம் இருப்பது அரசாங்கத்துக்குத் தெரியும், வேண்டுமென்றே எடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சமீபத்தில் சிலர் வந்து ஓடை மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். ஏற்கெனவே சுரங்கம் இருந்த மலையில் புதிதாக என்ன தேடுகிறார்கள்? நேராகத் தோண்ட வேண்டியதுதானே?

டிசம்பர் 9

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். நேராகத் தோண்டிப் பார்த்தாகிவிட்டது. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த மலையில் நேராகத் தோண்டியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. உங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் டனல்கள் அப்படி வந்தவையாகத்தான் இருக்கும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்கிழக்கு வயநாடு என்று அப்போது எழுதியது இன்றைய நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தைத்தான். தேவாலாவும் அதற்குள்தான். ஓடை மணலில் பொன் அரிப்பது அங்கே மிகப் பழைய வேலை. பணியர்கள் ஜென்மிகள் என்ற நிலவுடைமையாளர்களுக்காக அரித்தார்கள். மலைச்சரிவில் இருக்கும் பழங்குழிகளைக் குறும்பர்கள் தோண்டியதாகச் சொல்வார்கள். 1874இல் ஆல்ஃபா கம்பெனி தேவாலாவில் வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் ஒரு முன்குறிப்பு எழுதினார். 1879இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரஃப் ஸ்மைத்தை அரசு வரவழைத்தது. அவர் அறிக்கை வெளிவந்ததும் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. காகிதத்தில் மூலதனம் 40 லட்சம் பவுண்டு. காடாகக் கிடந்த பந்தலூருக்குத் தபால் ஆபீஸ், தந்தி ஆபீஸ், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் வந்தன.

காபித் தோட்டங்கள் நோயில் விழுந்து துரைமார்கள் கடனில் இருந்த நேரம் அது. தோட்டத்தில் தங்கம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச அவர்களுக்கு மனம் வருமா? பாழடைந்த தோட்டங்கள் தங்க நிலம் என்று பல மடங்கு விலைக்குக் கைமாறின.

அப்புறம் கல்லைப் பொடியாக்கும் இடி ஆலைகள் ஓடத் தொடங்கி முதல் கணக்கு வந்தது. டன்னுக்கு அவுன்ஸ் கணக்கில் வரும் என்று பணம் போட்டவர்களுக்குச் சில பென்னிவெயிட்கூடத் தேறவில்லை. ஒரு பென்னிவெயிட் என்பது ஒன்றரை கிராம், இருபது சேர்ந்தால் ஓர் அவுன்ஸ். சில ஆண்டுகளுக்குள் எல்லாம் மூடிக்கிடந்தது. கொண்டுவந்த எந்திரங்கள் பல வழியிலேயே துருப்பிடித்தன. 1901இல் ஹேடன், ஹாட்ச் என்ற நிலவியலாளர்கள் இருவரும் முறையாக மாதிரி எடுத்து எழுதிய அறிக்கையோடு அந்த அத்தியாயம் ஏறக்குறைய முடிந்தது. கட்டுப்படியாகும் அளவுக்குத் தங்கம் இல்லை என்பது அவர்கள் முடிவு.

கவனியுங்கள், தங்கமே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. தங்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு டன் பாறைக்குச் சராசரியாக எவ்வளவு என்பதைத் தோண்டுவதற்கு முன்பு யாரும் உருப்படியாகப் பார்க்கவில்லை. இப்போது உங்கள் ஓடையில் மண் எடுத்துப் போனவர்கள் செய்வது அந்த விட்டுப்போன வேலையின் முதல் படி. அதை வைத்து யாரும் நாளைக்குச் சுரங்கம் திறக்க மாட்டார்கள்.

டிசம்பர் 9, இரவு

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டனலுக்குள் போகாதீர்கள். டார்ச், கயிறு இருந்தாலும் வேண்டாம். மூடிக்கிடக்கும் டனலில் பிராணவாயு குறைந்திருப்பது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஒருவர் விழுந்தால் தூக்கப்போகும் இரண்டாவது ஆளும் விழுவார். தேவாலா பக்கம் திருட்டுத்தனமாகத் தோண்டப் போய் மண் சரிந்தும் மூச்சு முட்டியும் இறந்தவர்கள் உண்டு. நான் கேள்விப்பட்ட அத்தனை பேரும் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தத் துணுக்குத் தங்கத்துக்கு ஓர் உயிர் போவதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 12

பிரஃப் ஸ்மைத் ஏமாற்றுக்காரர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விக்டோரியாவின் தங்க வயல்களைப் பற்றி 1869இல் பெரிய நூல் எழுதியவர், தொழில் தெரிந்தவர். அவர் பார்த்த கற்களில் தங்கம் நிஜமாகவே இருந்தது. எந்தக் கல்லை எடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாறைக்குள் பட்டையாக ஓடும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நரம்பு ஒன்றின் முன்னால் சுத்தியலோடு நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். நரம்பின் பெரும்பகுதி பால் வெள்ளை. கெட்டியாக இருக்கும், சுத்தியல் துள்ளும். அதற்கு ஓரத்திலோ நடுவிலோ துருப்பிடித்த பழுப்புப் பட்டை ஒன்று ஓடும். பைரைட் என்ற இரும்புக் கனிமம் மக்கிப்போய், சின்னச் சின்னப் பொந்துகளோடு, விரலால் நோண்டினால் உதிரும். தங்கம் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலுக்கு முதலில் பெயர்ந்து வருவதும் அதுதான். ஆக, கெட்ட எண்ணமே இல்லாத ஒருவர், கைக்கு வந்ததை எடுத்துப் பையில் போட்டாலே போதும், மாதிரி பணக்காரமாகிவிடும். நல்ல கல்லாகப் பார்த்து எடு என்று யாரும் சொல்லவே வேண்டியதில்லை.

அதற்காகத்தான் வாய்க்கால் போல வெட்டிக் கல் எடுக்கும் முறை ஒன்று வைத்திருக்கிறார்கள், அப்படி எடுப்பதை வாய்க்கால் மாதிரி என்பார்கள். நரம்புக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு போடுவோம், இடைவெளி 10 செ.மீ. கீழே தார்ப்பாய் விரிப்போம். உளியால் 3 செ.மீ. ஆழத்துக்கு ஒரே சீராக வெட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான வெள்ளைக் கல்லிலும் அதே ஆழம், உதிரும் பழுப்புப் பட்டையிலும் அதே ஆழம். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ வரும். நரம்பு தனிப் பை, இரண்டு பக்கத்துப் பாறையும் தனித்தனிப் பை. கெட்டிக் கல்லில் உளி வழுக்கும்போது கை தானாகவே பழுப்புப் பட்டைக்கு நகரும். பக்கத்தில் நின்று கவனிக்காவிட்டால் எந்தக் குழுவிலும் அது நடக்கும். என்னோடு உளி பிடித்தவர்களில் தேயிலைத் தோட்ட வேலையை விட்டு வந்த ஓர் அண்ணன் இருந்தார். பழுப்புப் பட்டையைக் கடைசியாக வெட்டுவது அவர் பழக்கம். வெள்ளைக் கல்லை முதலில் முழு ஆழத்துக்கு முடித்துவிட்டால் மற்றது ஏமாற்றாது என்பார். எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காத பாடம் அது. அதன்பிறகு எல்லாக் குழுவிலும் அப்படியே செய்யச் சொன்னேன்.

டிசம்பர் 13

"டன்னுக்கு 10 கிராம் இருந்தால் போதாதா" என்று கேட்டவருக்கு ஒரு சின்னக் கணக்கு.

நரம்பு 20 செ.மீ. தடிமன், அதில் டன்னுக்கு 10 கிராம் என்று வையுங்கள். 20 செ.மீ. சந்துக்குள் மனிதர் நுழைய முடியாது. குறைந்தது 120 செ.மீ. அகலத்துக்காவது வெட்ட வேண்டும். மீதி 100 செ.மீ. வெறும் பாறை. எல்லாவற்றையும் சேர்த்து வெளியே கொண்டுவந்தால் கையில் இருப்பது டன்னுக்கு 1.7 கிராம்கூட இல்லை. ஆழத்தில் தோண்டி எடுக்கும் சுரங்கத்துக்கு அது பத்தாது.

ஆகவே டன்னுக்கு இத்தனை கிராம் என்று யார் சொன்னாலும், எத்தனை மீட்டர் அகலத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள். அகலம் சொல்லாத கிராம் கணக்கு எதற்கும் உதவாது.

டிசம்பர் 18

நான் எழுதியதைப் படித்துவிட்டு, பழைய குழி இருக்கும் இடமெல்லாம் வீண் என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். அது சரியில்லை. நிலத்தடித் தங்கத்துக்குப் பழைய குழியை விட நல்ல வழிகாட்டி இந்தியாவில் இல்லை.

கோலாரையே எடுத்துக்கொள்ளுங்கள். வயநாட்டில் கம்பெனிகள் கிளம்பிய அதே 1880இல்தான் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனியும் தொடங்கியது. அங்கேயும் முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. கையிருப்பு தீரப்போகிறது, மிச்சப் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. கடைசியாக ஒரு முயற்சி என்று கேப்டன் பிளம்மரை அனுப்பினார்கள். பழங்காலத்தவர்கள் தோண்டி விட்டுப்போன குழிகளுக்கு நேர் அடியில் அவர் இறங்கினார். சாம்பியன் லோடு என்ற பெரிய தங்க நரம்பு கிடைத்தது. அதன்பிறகு 2001 பிப்ரவரி 28 வரை அந்த வயல் ஓடியது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள், ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தார்கள். அதில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி இன்னொரு உதாரணம். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே 200 மீட்டருக்கு நெருக்கமாகக் கீழே இறங்கியிருக்கிறார்கள். பாறையில் தீ மூட்டி, சூடேறியதும் தண்ணீர் ஊற்றிப் பிளந்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் திறந்த பாறை மேலே வழவழவென்று வட்டக் குழிகள் இருக்கும், அவர்கள் கல்லை இடித்து அரைத்த இடம். ஒரு குழிக்குள் கையை வைத்துத் தடவிப் பார்த்தால் ஓரம் சொரசொரப்பாகவும் அடி கண்ணாடி மாதிரியும் இருக்கும். ஹட்டி இன்றும் ஓடுகிறது.

ஆக, ஒரே அடையாளம் கோலாரில் பலித்தது, தேவாலாவில் பலிக்கவில்லை. பழைய குழி, இங்கே தங்கம் இருந்தது என்று சொல்லும். அதற்குமேல் எவ்வளவு ஆழத்துக்கு, எவ்வளவு அகலத்துக்கு, எந்தச் சராசரியில் என்பதை அது சொல்லாது. தண்ணீர் ஊறியதால் விட்டுப்போனார்களா, தங்கம் தீர்ந்ததால் விட்டுப்போனார்களா என்று குழியை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. முதல் காரணமாக இருந்தால் கீழே சரக்கு இருக்கும். இரண்டாவதாக இருந்தால் இருக்காது.

டிசம்பர் 27

ஓடை மண்ணை எதற்கு எடுத்துப் போனார்கள் என்ற கேள்விக்கு வரவே இல்லை. இன்று அதை எழுதுகிறேன்.

மலை முழுவதையும் உடைத்துப் பார்க்க முடியாது. மழை அதை நமக்காகச் செய்துவிடுகிறது. மேலே உள்ள சரிவில் எந்தப் பாறை இருந்தாலும் அதன் பொடி ஓடைக்கு வந்து சேரும். அதனால் இரண்டு ஓடை கூடும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டிலும் தனித்தனியாக எடுப்பார்கள். ஒன்றில் தங்கம் காட்டி மற்றதில் காட்டாவிட்டால், மலையில் பாதியை வரைபடத்திலிருந்து அடித்துவிடலாம். இப்படிக் கழித்துக்கொண்டே போவதுதான் ஜி4 எனப்படும் முதல் கட்டம். அதற்குப் பிறகு ஜி3, ஜி2, ஜி1 என்று எண் குறையக் குறைய வேலை நெருக்கமாகும், செலவும் ஏறும். பெரும்பாலான இடங்கள் ஜி4இலேயே நின்றுபோகும். நின்றுபோவது தோல்வி இல்லை. இங்கே ஒன்றும் இல்லை என்று ஒழுங்காக எழுதி வைத்த அறிக்கைக்கு என் கண்ணில் தனி மரியாதை உண்டு. 1880இல் அப்படி நாலு அறிக்கை இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு தப்பியிருக்கும்.

எடுக்கும் விதம் இதுதான். கரை மண் கூடாது, அது சரிந்து விழுந்த மண். நீரோட்டத்துக்கு நடுவில் பெரிய உருண்டைக் கல்லுக்குப் பின்புறம் தண்ணீர் சோர்ந்து நிற்கும் இடத்தில் மண்வெட்டியைப் போடுவோம். கனமானவை அங்கேதான் தங்கும். அங்கேயே சல்லடையில் சலித்து நுண்மணலை மட்டும் வைத்துக்கொள்வோம். தங்கத்துக்குச் சின்னப் பொட்டலம் பத்தாது, கிலோக்கணக்கில் எடுத்து ஆய்வகத்தில் சயனைடு கரைசலில் ஊறவைத்து, நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் அளப்பார்கள். பை எண்ணைப் பென்சிலில் எழுதி உள்ளேயும் ஒரு சீட்டுப் போட வேண்டும். பேனா மை தேவாலாவில் ஒரு மணி நேரம் நிற்காது. தமிழ்நாட்டின் சிரபுஞ்சி என்று சும்மாவா சொல்கிறார்கள்? அதனால்தான் வேலையெல்லாம் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள். அப்போதும் சோலை ஓடைகளில் அட்டை உண்டு. புகையிலைத் தூளையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் காலுறையில் தேய்த்துக்கொண்டால் கொஞ்சம் தள்ளி நிற்கும். காட்டுக்குள் என்றால் வனக் காவலர் ஒருவர் முன்னால் நடப்பார். அவர் நின்றால் நாமும் நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. யானைக்கு அவர் காதும் மூக்கும்தான் நமக்குப் பாதுகாப்பு.

பணியர் பெரியவர் ஒருவர் மரவை என்ற மரத்தட்டில் அரித்துக் காட்டியதையும் சொல்லத் தோன்றுகிறது. நாங்கள் இரும்புத் தட்டை வைத்துக்கொண்டு சுழற்றுவோம், முழங்கை வலிக்கும். அவர் மரவையைச் சுழற்றவே இல்லை. தண்ணீர் மட்டத்தில் லேசாகச் சாய்த்து, தன் பக்கம் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். மேல் மணல் போனது, கருமணல் நின்றது, அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மூன்று பொட்டு மஞ்சள். எங்கள் தட்டில் அதே மண்ணுக்கு ஒன்றுகூட வரவில்லை. அன்றிலிருந்து, தட்டில் தங்கம் தெரியவில்லை என்று குறிப்பேட்டில் எழுதும்போது தட்டைச் சுழற்றியவர் பெயரையும் பக்கத்தில் எழுதச் சொல்வேன்.

டிசம்பர் 28

மேலே எழுதியதில் ஒரு முக்கியமான நிபந்தனை சேர்க்க வேண்டும். வாசகர் ஒருவர் சரியாகவே கேட்டிருக்கிறார்: பழைய ஆலைக்குக் கீழே ஓடும் ஓடையில் மண் எடுத்தால்?

அங்கே தங்கம் காட்டாமல் இருக்காது. இடி ஆலைகளில் கல்லைப் பொடியாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓட விடுவார்கள். தங்கத்தில் ஒரு பகுதி தகட்டில் பிடிக்கும், ஒரு பகுதி தப்பி ஓடைக்குப் போகும், பாதரசமும் கூடவே போகும். 140 வருடம் கழித்து அந்த மண்ணை அளந்துவிட்டு, மேலே புதிய நரம்பு இருக்கிறது என்று சொல்வது பெரிய ஏமாற்றத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே தங்கத்தோடு பாதரசத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் மனிதக் கைதான் காரணம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஆலை இருந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் தனித்தனியாக எடுங்கள். ஆலை எங்கே இருந்தது என்பதைப் பழைய தோட்ட வரைபடங்களும், தேயிலைக்கு நடுவில் புதைந்து கிடக்கும் துருப்பிடித்த இரும்பும் சொல்லும்.

கழிவுக் கல் மேட்டுக்கும் இதே எச்சரிக்கை. ஆனால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். மேலே எல்லாம் செம்புறாங்கல்லாக மக்கிக் கிடக்கும் ஊரில், ஆழத்துப் பாறை மக்காமல் வெளியே கிடக்கும் ஒரே இடம் அந்த மேடுதான். உள்ளே என்ன பாறை, என்ன கனிமம் என்பதற்கு அதைப் பாருங்கள். எவ்வளவு தங்கம் என்பதற்கு மட்டும் அதை நம்பாதீர்கள், ஏனென்றால் நல்லதை எடுத்துக்கொண்டு வேண்டாததை எறிந்த இடம் அது.

ஜனவரி 6

பாதரசத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், இன்றும் திருட்டுத்தனமாகத் தோண்டுகிற இடங்களில் பாதரசம் ஊற்றித்தான் பிரிக்கிறார்கள். அதை வீட்டு அடுப்பில் சூடாக்கி ஆவியாக்குவது உயிருக்கே உலை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த ஆவி சுவரிலும் தரையிலும் படிந்துவிடும். தயவுசெய்து இதைத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

இப்போது ஆய்வக முடிவுகளைப் பற்றி. இரண்டு பேர் ஒரே நரம்பிலிருந்து கல் கொடுத்து, ஒருவருக்கு 5 கிராம், மற்றவருக்கு ஒன்றுமே இல்லை என்று வந்ததாம். ஆய்வகம் ஏமாற்றுகிறது என்கிறார்கள். அவசரப்படாதீர்கள்.

ஆய்வகத்தில் உருக்கிப் பார்ப்பது நீங்கள் கொடுத்த மூட்டையை இல்லை. அதைப் பொடியாக்கி, அதிலிருந்து எடுக்கும் 30 கிராம் பொடியைத்தான். தங்கத்தின் அடர்த்தி 19.3. பக்கத்துக்கு 0.2 மி.மீ. உள்ள ஒரே ஒரு கனசதுரத் துணுக்கு, ஏறக்குறைய 0.15 மில்லிகிராம் இருக்கும். அது அந்த 30 கிராமுக்குள் விழுந்துவிட்டால் டன்னுக்கு 5 கிராம் என்று சீட்டு வரும். விழாவிட்டால் பூஜ்யம். பாயச அண்டாவில் ஒரே ஒரு கரண்டி மோந்து முந்திரிப் பருப்பை எண்ணுகிற கணக்குத்தான். இரண்டு சீட்டுமே உண்மை, இரண்டுமே மலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு மருந்து உண்டு. பெரிய மாதிரியாக எடுக்க வேண்டும். பொடியைச் சலித்து, சல்லடையில் நிற்கும் பருமனான துகள் முழுவதையும் தனியாக உருக்கிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டாவது மாதிரி எடுத்து வேறு எண் போட்டு அனுப்ப வேண்டும். தங்கமே இல்லாத கல்லையும், எவ்வளவு தங்கம் என்று முன்பே தெரிந்த பொடியையும் வரிசைக்கு நடுவில் ஆய்வகத்துக்குச் சொல்லாமல் நுழைக்க வேண்டும். தங்கமில்லாத கல்லில் தங்கம் வந்தால் அந்தத் தொகுதியையே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் சில காலம் வேலை செய்த ஒரு தனியார் நிறுவனத்தில், அது வேறு மாநிலம், வேறு மலை, வாய்க்கால் மாதிரிகள் எல்லாம் சுமாராக வந்திருந்தன. யாரோ தரையில் பொறுக்கிய ஒரு கல்லுக்கு மட்டும் பெரிய எண் வந்தது. முதலீட்டாளர்களுக்குப் போன தாளில் அந்த ஒரு எண்தான் தலைப்பு. மற்றவை கடைசிப் பக்கத்து அட்டவணையில், சின்ன எழுத்தில். பொய் ஒன்றும் இல்லை, எல்லா எண்ணும் அங்கேதான் இருந்தன. ஆனால் அந்தத் தாளைப் படித்துவிட்டு மலையடிவாரத்து ஊரில் ஒருவர் இருந்த நிலத்தை விற்க மறுத்து, கடன் வாங்கிப் பக்கத்து நிலத்தையும் வாங்கினார். அந்த மலையில் ஒரு துளைகூடப் போடாமல் நிறுவனம் கிளம்பிவிட்டது. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பொறுக்கிய கல்லின் எண்ணைத் தலைப்பில் போடுவதை விதி போட்டே தடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜனவரி 7

பொறுக்கிய கல் முழுக்க வீண் இல்லை. தங்கம் எந்த வகைக் கல்லில் இருக்கிறது என்று காட்டும். அதோடு சரி.

ஜனவரி 15

பொங்கலுக்கு வந்த வாழ்த்துகளுக்கு நன்றி. பேச்சு நிலத்துக்குத் திரும்பியிருக்கிறது, திரும்ப வேண்டியதும்தான்.

தேவாலாவில் தங்கத்தின் சராசரியை விடச் சிக்கலானது நிலம். கூடலூர் ஜென்ம நிலங்களை ஒழிக்கும் சட்டம் 1969இல் வந்தது. குத்தகைக்கு விட்ட தோட்ட நிலங்களைப் பற்றிய அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களின் வழக்கு தலைமுறை தாண்டி ஓடுகிறது. பட்டா இல்லாமல் வீடு கட்டி, மின் இணைப்புக்கு அலைந்து, அங்கேயே பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்துவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவர்களுக்காகத் தொடங்கிய டேன்டீ, பணியர், குறும்பர், மலையாளக் குடியேறிகள், பெரிய எஸ்டேட்டுகள், பக்கத்தில் முதுமலைப் புலிகள் காப்பகம், நடுவில் யானைப் பாதை. இதெல்லாம் ஒரே சரிவில். ஓடையில் மண் எடுக்க நிலத்துக்கு ஒரு சேதமும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளைப் பார்த்ததும், பட்டா இல்லாத வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத் தோன்றுவது என்ன? நம்மைக் கிளப்பப் போகிறார்கள் என்றுதான். அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

அதனால் மண்வெட்டி எடுப்பதற்கு முன்பு ஊருக்குள் போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். என்ன எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம், எப்போது முடிவு தெரியும், முடிவு வந்தால் யார் வந்து சொல்வார்கள். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காமல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில மேலாளர்களுக்கு இது பிடிக்காது, ஆசையையும் பயத்தையும் நாமே கிளப்புகிறோம் என்பார்கள். சொல்லாவிட்டால் இரண்டும் தானாகக் கிளம்பி இன்னும் பெரிதாகும்.

ஜனவரி 16

ஒருவர் கேட்கிறார்: இத்தனை சொல்கிறீர்களே, தேவாலாவில் சுரங்கம் வர வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?

தேட வேண்டும் என்கிறேன். தெரிந்துகொள்ளாமல் இருப்பதால்தான் "வேண்டுமென்றே மறைக்கிறார்கள்" என்ற பேச்சும் வருகிறது, திருட்டுக் குழிகளும் வருகின்றன. தெரிந்த வரைக்கும் பார்த்தால், மெல்லிய நரம்புகள், ஆழமாக மக்கிய மண், கொட்டும் மழை, மேலே மக்களும் யானையும். அங்கே பெரிய சுரங்கம் வந்து நியாயமாக நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தக் கம்பெனி வந்து தேடினாலும் இந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளப்போவதில்லை.

ஜனவரி 29

கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். மண் எடுத்தவர்கள் மறுபடி வரப்போகிறார்களாம், என்ன கேட்க வேண்டும் என்கிறார்.

முதலில், யார் சார்பில் வந்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிலவியல் ஆய்வுத் துறையா, மாநிலத் துறையா, அறிவிக்கப்பட்ட தனியார் தேடல் நிறுவனமா. 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது தேடலுக்கென்று தேசிய அறக்கட்டளை ஒன்று வந்தது, பல வேலைகள் அந்தப் பணத்தில் நடக்கின்றன. 2023 திருத்தத்தில் தங்கம் உட்பட 29 கனிமங்களுக்குத் தேடல் உரிமம் என்று புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். தேடல் உரிமம் என்பது சுரங்கக் குத்தகை ஆகாது. எந்தக் காகிதமும் இல்லாமல் வந்து தோண்டுபவர் யாராக இருந்தாலும் அது குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் ஊர்ப் பையன்களுக்கும் அதே சட்டம்தான், அதையும் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, எந்தக் கட்டம் என்று கேளுங்கள். ஜி4 என்றால் ஓடை மண், கல், வரைபடம், சில இடங்களில் சிறு பள்ளம். பள்ளத்தை மூடிவிட்டுப் போக வேண்டும். மழைக்கு முன்பு மூடாவிட்டால் அந்தச் சரிவில் மண் நிற்காது.

மூன்றாவது, குடிதண்ணீர் எடுக்கும் ஓடை என்றால் பாதரசமும் அளக்கிறார்களா என்று கேளுங்கள். அளந்தால் அந்த எண்ணை ஊராட்சிக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தங்கத்தை விட உங்களுக்கு உடனே பயன்படும் எண் அதுதான். கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் கேட்ட இடத்தில் பெரும்பாலும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

பழைய அறிக்கைகள் வேண்டுமென்றால் நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்திலும், 2023 டிசம்பரில் திறந்த தேசிய நிலவியல் தரவுக் களஞ்சியத்திலும் தேடுங்கள். உங்கள் தாலுகா விழும் நிலவரைபடத் தாளின் எண்ணைப் போட்டால் வரும். ஹேடன், ஹாட்ச் எழுதிய 1901 அறிக்கையையும் படியுங்கள், வரைபடத்தில் டனல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் லயத்துக்கு மேலே உள்ளது எது என்று கண்டுபிடித்தால் இங்கே எழுதுங்கள், அவர்கள் அங்கே என்ன பார்த்தார்கள் என்பதைச் சேர்ந்து வாசிப்போம்.